அக்காவுக்கு என்ன வாங்குவது?

தீபாவளிப் பரிசு பற்றி ஒரு பாடம்



தீபாவளி நெருங்கிவிட்டால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். "அண்ணனுக்கு என்ன வாங்கலாம்? அக்காவுக்கு என்ன கொடுக்கலாம்?" சின்னப் பிள்ளைகள் என்றால் சுலபம். ஒரு பாவாடை சட்டை, கையில் பத்து ரிங்கிட் போட்ட பணப் பொட்டலம், முடிந்தது. அம்மா அப்பாவுக்கும் புடவை, வேட்டி என்று ஒரு வழி இருக்கிறது. ஆனால் வேலைக்குப் போகிற, தனக்கு வேண்டியதைத் தானே வாங்கிக்கொள்கிற வயதில் இருக்கும் அண்ணன் அக்காவுக்கு எதைக் கொடுப்பது? கேட்டால், "எனக்கு ஒண்ணும் வேணாம், நீ நல்லா படி, அது போதும்" என்பார்கள். நாமும் அதோடு விட்டுவிடுவோம். இல்லையென்றால் கடைசி நேரத்தில் ஷாப்பியில் கண்ணில் பட்டதை வாங்குவோம்.

இந்த மாதப் பாடம் அந்தக் கேள்வியைப் பற்றியது. நான் சமயச் சொற்பொழிவாளன் இல்லை. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவன். இந்த விஷயத்தில் பெரிய தப்பு ஒன்று செய்துவிட்டு, அதற்குப் பிறகு உட்கார்ந்து படித்தவன். அந்தத் தப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் செய்த தப்பு

எங்கள் வீடு கேமரன் மலையில் கியா பார்மில். பிரிஞ்சாங்கைத் தாண்டி மேலே வந்தால், சாலை ஓரம் முழுக்கக் காய்கறிக் கடைகளும் ஸ்ட்ராபெரிப் பழங்களும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் சோளமுமாக இருக்குமே, அந்த இடம்தான். சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்களும் இந்தப் பக்கம்தான் வருவார்கள். விடுமுறை நாளில் கார்கள் நகராது. பாட்டி தேயிலைக் கொழுந்து கிள்ளியவர். அம்மா காய்கறித் தோட்டத்தில் வேலை செய்கிறார். அக்கா ஒரு தவுக்கேயின் காய்கறிக் கடையில் நிற்கிறார்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவர். எஸ்.பி.எம். எழுதி முடித்த வருஷம் அப்பாவுக்கு முதுகில் அடிபட்டு, பாரம் தூக்கும் வேலையைவிட வேண்டியதாயிற்று. அக்கா ஆறாம் படிவத்துக்குப் போகவில்லை, கடைக்குப் போனார். அப்போது எனக்குப் பத்து வயது. என் பள்ளிக் காலணி, டியூஷன் பணம், பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது வாங்கிய லேப்டாப் எல்லாமே அந்தக் கடையில் நின்ற கால்களிலிருந்து வந்தவை.

முதலாம் ஆண்டு தீபாவளிக்கு நான் அக்காவுக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கினேன். விலை 599 ரிங்கிட். கையில் அவ்வளவு பணம் இல்லை. ஆறு மாதத் தவணையில் எடுத்தேன். "இவ்வளவு செஞ்ச அக்காவுக்கு நாமளும் பெருசா ஒண்ணு செய்யணும்" என்பதுதான் மனசில் இருந்தது. பெட்டியைத் திறக்கும்போது வீடியோகூட எடுத்தேன். ஸ்டேட்டஸில் போட்டேன். நண்பர்கள் எல்லாரும் இதயம் போட்டார்கள்.

அக்கா தீபாவளி அன்று அதைக் கட்டிக்கொண்டார். மறுநாள் கடைக்குப் போகும்போது கழற்றி அலமாரியில் வைத்தார். காலையிலிருந்து மாலை வரை தண்ணீரில் கீரை அலசுகிற கை, ரப்பர் கையுறை போடுகிற கை. அதில் வாட்ச் எங்கே நிற்கும்? அதைக்கூட நான் யோசிக்கவில்லை.

அதுகூடப் பரவாயில்லை. ஜனவரியிலிருந்து அக்கா மாதம் அனுப்பும் பணத்தில் நூறு ரிங்கிட் கூடுதலாக வந்தது. கேட்டதற்கு, "சாப்பாட்டுச் செலவுக்கு வச்சுக்கோ" என்றார். ஆறு மாதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. எனக்கு அப்போதும் புரியவில்லை. பிறகு ஒருநாள் அம்மாதான் சொன்னார்: "நீ தவணையில வாங்குனது அவளுக்கு அன்னிக்கே தெரியும்டா. பெட்டியோட உள்ள அந்தச் சீட்டு இருந்துச்சு."

நான் கொடுத்த பரிசுக்கு அக்காவே பணம் கட்டியிருக்கிறார்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அன்பாகத்தான் கொடுத்தேன், அதில் பொய் இல்லை. அப்புறம் எங்கே தப்பு? அதைத் தேடித்தான் நம் நூல்களுக்குப் போனேன்.

கீதை கேட்கும் கேள்விகள்

பகவத் கீதையின் 17ஆம் அத்தியாயத்தில் 20, 21, 22ஆம் சுலோகங்கள் தானத்தை மூன்று வகையாகப் பிரிக்கின்றன. தானம் என்பதும் அக்காவுக்குத் தரும் பரிசும் முழுக்க ஒன்றல்ல. ஆனாலும் "கொடுப்பது" என்ற செயலுக்குப் பின்னால் இருக்கும் மனத்தைப் பார்க்க இந்த மூன்று சுலோகங்கள் நல்ல கண்ணாடி.

சாத்துவிகக் கொடை: கொடுப்பது கடமை என்ற எண்ணத்தோடு, கைம்மாறு எதிர்பார்க்காமல், தகுந்த இடம், தகுந்த காலம், தகுந்த ஆள் மூன்றையும் பார்த்துக் கொடுப்பது.

இராஜசக் கொடை: பதிலுக்கு ஏதாவது வேண்டும் என்றோ, பலனை எண்ணியோ, மனம் நொந்து வருந்தியோ கொடுப்பது.

தாமசக் கொடை: இடமும் காலமும் பார்க்காமல், தகாதவர்க்கு, மரியாதையில்லாமல், இளக்காரமாகக் கொடுப்பது.

என் வாட்சை இந்தக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். இடம் பார்த்தேனா? அக்கா நிற்கிற இடம் ஈரக் கடை என்பதைப் பார்க்கவில்லை. காலம் பார்த்தேனா? நான் சம்பாதிக்காத காலம், கடன் வாங்கினேன். ஆளைப் பார்த்தேனா? அக்கா யார், எதில் சந்தோஷப்படுவார் என்று பார்க்கவில்லை. எந்த அக்காவுக்கும் பொருந்துகிற ஒரு பொருளை வாங்கினேன். பலன் எதிர்பார்த்தேனா? இதுதான் குத்தியது. எதிர்பார்த்தேன். ஸ்டேட்டஸில் வந்த இதயங்கள் ஒரு பலன். அதைவிடப் பெரிய பலன் இன்னொன்று: "நானும் செஞ்சுட்டேன், கணக்குச் சரி" என்ற நிம்மதி. அக்கா எனக்காக விட்டுக்கொடுத்த வருஷங்களை 599 ரிங்கிட்டில் அடைத்துவிடப் பார்த்திருக்கிறேன்.

பரிசு கொடுத்துக் கடனை முடித்துவிடலாம் என்று நினைக்கிற இடத்தில்தான், வளர்ந்த உடன்பிறப்புக்குத் தரும் பரிசு வழி தவறுகிறது. இந்தப் பாடத்தில் நான் சொல்ல வந்தது முக்கியமாக இதைத்தான்.

பரதன் கொண்டுபோன பரிசு

உடன்பிறப்புக்குப் பரிசு என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவன் பரதன். அவன் சித்திரகூடத்துக்குக் கொண்டுபோனது சாதாரணப் பரிசா? அயோத்தி ராஜ்யம்! அதைவிடப் பெரியது எந்தத் தம்பியால் கொடுக்க முடியும்? ஆனால் இராமன் வாங்கிக்கொள்ளவில்லை. ஏன்? வாங்கினால் தந்தைக்குக் கொடுத்த வாக்கு உடையும். பரதனின் அன்பில் குறை இல்லை. அந்தப் பரிசு இராமனின் தர்மத்தோடு மோதியது.

அதற்குப் பிறகு பரதன் செய்ததுதான் பாடம். கோபித்துக்கொண்டு திரும்பவில்லை. பாதுகைகளைப் பெற்றுத் தலைமேல் வைத்துக் கொண்டுவந்து, நந்திகிராமத்தில் இருந்தபடி பதினான்கு ஆண்டுகள் அண்ணனின் பிரதிநிதியாக நாட்டைக் காத்தான். அதாவது அண்ணன் வந்து செய்ய வேண்டிய வேலையைத் தான் செய்தான், தன் பெயரில் அல்ல, அண்ணன் பெயரில்.

வளர்ந்த உடன்பிறப்புக்கு அவரவர் தர்மம் என்று ஒன்று இருக்கிறது. கல்யாணமான அக்காவுக்குக் கணவர் வீடு இருக்கிறது. அண்ணனுக்கு அண்ணியும் பிள்ளைகளும் வீட்டுக் கடனும் இருக்கின்றன. நம்முடைய பரிசு அங்கே போய்ச் சங்கடம் உண்டாக்கக் கூடாது. மச்சானின் வசதிக்கு மேலே ஒரு பொருளைக் கொண்டுபோய் எல்லார் முன்னிலையிலும் நீட்டினால், அக்காவுக்குச் சந்தோஷமா, சங்கடமா? யோசித்துக்கொள்ளுங்கள்.

திலகவதியாரும் தம்பியும்

நம் தமிழ்ச் சைவ மரபில் அக்கா தம்பி என்றால் திலகவதியாரும் திருநாவுக்கரசரும்தான். சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்லும் வரலாறு நம்மில் பலர் தேவார வகுப்பில் கேட்டதுதான். ஆனால் அதைப் பரிசு என்ற கண்ணோடு ஒருமுறை பாருங்கள்.

திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்தவர்கள் இருவரும். திலகவதியாரைக் கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்குப் பேசி முடித்திருந்தார்கள். தந்தை இறந்தார், தாயும் உடன் போனார். கலிப்பகையாரும் போரில் மாண்டார். திலகவதியார் தானும் உயிரை விடத் துணிந்தார். அப்போது மருள்நீக்கியார் என்ற பெயரோடு இருந்த தம்பி காலில் விழுந்து அழுதார். தம்பிக்காக அக்கா உயிரோடு இருக்க ஒப்புக்கொண்டார். அக்கா கொடுத்த முதல் பரிசு அது: தன் வாழ்நாள்.

தம்பி வளர்ந்தார், சமண சமயத்தில் சேர்ந்தார், தருமசேனர் என்ற பெயரோடு பெரிய நிலைக்கு வந்தார். அக்கா திருவதிகை வீரட்டானத்தில் கோயில் தொண்டு செய்துகொண்டிருந்தார். இருவருக்கும் நடுவே பாதை பிரிந்துவிட்டது. பிறகு தம்பிக்குச் சூலை நோய் வந்தது. தாங்க முடியாத வயிற்று வலி. எந்த வைத்தியமும் பலிக்கவில்லை. இரவோடு இரவாக அக்காவைத் தேடி வந்தார்.

அக்கா என்ன செய்தார்? "இப்பதான் அக்கா ஞாபகம் வந்துச்சா?" என்று கேட்கவில்லை. ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்தார். விடியுமுன் கோயிலைப் பெருக்கி மெழுகப் போகிற நேரம் வந்தபோது, விளக்குமாறும் சாணமும் தண்ணீர்த் தோண்டியும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் உடன் அழைத்துக்கொண்டு போனார். அங்கே தம்பி பாடினார், நோய் தீர்ந்தது, நாவுக்கரசர் ஆனார்.

இப்போது ஒரு கேள்வி. இத்தனையும் செய்த அக்காவுக்குத் தம்பி பதிலுக்கு என்ன கொடுத்தார்? ஒரு பட்டாடை, ஒரு நகை கொடுத்ததாக நாம் கேட்டதில்லை. ஆனால் அப்பர் சுவாமிகளின் சிலையைப் பாருங்கள், தோளில் என்ன இருக்கிறது? உழவாரப் படை. கோயிலில் புல்லும் புதரும் செதுக்குகிற கருவி. அக்கா விளக்குமாற்றோடு செய்த அதே வேலையைத் தம்பி வாழ்நாள் முழுக்க ஊர் ஊராகச் செய்தார். அக்காவுக்குக் கொடுத்த பதில் பரிசு அந்த உழவாரப் படைதான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

நம் மரபில் கடன் தீர்ப்பது என்பதே இப்படித்தான் இருக்கிறது. மனிதன் பிறக்கும்போதே தேவர், ரிஷி, பித்ரு என்று மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்று வேதம் சொல்கிறது. ரிஷிகளுக்குப் பட்ட கடனைப் பணம் கட்டித் தீர்ப்பதில்லை; அவர்கள் தந்த நூலைப் படித்துத் தீர்க்கிறோம். அவர்கள் செய்ததை நாம் தொடர்வதுதான் வழி.

அப்படியென்றால் நான் அக்காவுக்கு என்ன வாங்குவது என்பதை விட்டுவிட்டு, அக்கா கையில் இருக்கும் எந்த வேலையை என் கைக்கு எடுத்துக்கொள்வது என்று பார்க்க வேண்டும்.

ஒரு வாளி வெந்நீரின் கணக்கு

விடை தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் கிடைத்தது. சிரிக்காதீர்கள்.

ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசியில் விடியுமுன் எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிக்க வேண்டும். அன்று எண்ணெயில் லட்சுமியும் நீரில் கங்கையும் இருப்பதாக நம்பிக்கை. அதனால்தான் "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று கேட்கிறோம். கோலாலம்பூரில் இருக்கிறவர்களுக்கு இது கஷ்டமில்லை. கியா பார்மில் அதிகாலைக் குளிர் 15, 16 டிகிரி வரை இறங்கும். குழாய்த் தண்ணீர் கையில் பட்டால் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். எங்கள் வீட்டில் ஹீட்டர் இல்லை. கேஸ் அடுப்பில் அண்டா வைத்துத்தான் சுட வைக்க வேண்டும்.

அன்று வகுப்பில் நீரைச் சூடாக்கும் வெப்ப அளவு பற்றிப் பாடம். நோட்டின் ஓரத்தில் எங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு வாளி 20 லிட்டர். 17 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏற வேண்டும். 20 பெருக்கல் 4.2 பெருக்கல் 23. ஏறக்குறைய 1,930 கிலோ ஜூல். எங்கள் அடுப்பில் ஓர் அடுப்புவாயிலிருந்து தண்ணீருக்கு உண்மையில் போய்ச் சேருவது ஒன்றரை கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், ஒரு வாளிக்கு 21 நிமிஷம். இன்னொரு வாயில் இட்லியும் கறியும் இருக்கும். பாட்டி, அப்பா, அம்மா, நான், அக்கா: ஐந்து பேர். ஒரு மணி நேரம் நாற்பத்தைந்து நிமிஷம்.

பேனாவை வைத்துவிட்டேன். ஐந்து மணிக்குள் எல்லாரும் குளித்து முடித்துச் சாமி கும்பிடுகிறோம். அப்படியென்றால் அடுப்பை மூட்டியவர் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்? மூன்று மணிக்கு. முந்தின நாள் இரவு ஏழு மணி வரை கடையில் நின்றுவிட்டு வந்தவர். எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கடைசியில் மீதி இருக்கிற வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிஷத்தில் குளித்துவிட்டு வருபவர். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அக்கா ஒரு தீபாவளிக்குக்கூடச் சூடான தண்ணீரில் குளித்து நான் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பதுகூட இல்லை, கவனித்ததில்லை.

வாட்ச் வாங்குவதற்கு முன் நான் போட்டிருக்க வேண்டிய கணக்கு இது.

ஒரு ஹீட்டர் வாங்கிவிட்டால் போயிற்றே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் உடனே சூடாக்கும் ஹீட்டர் 3.5 கிலோவாட் அளவுக்கு இழுக்கும். ஏறக்குறைய 15 ஆம்பியர். எங்கள் பலகை வீட்டின் பழைய வயர் அதைத் தாங்காது. தனி வயர் இழுத்து, முறையான எர்த்தும் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரும் போட்டு, பதிவு பெற்ற வயர்மேன் செய்ய வேண்டிய வேலை. ஈரக் குளியலறையில் மின்சாரத்தோடு விளையாடக் கூடாது. இன்ஜினியரிங் மாணவன் என்பதற்காக நானே கை வைக்கவும் கூடாது. அதற்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், தவணை இல்லாமல். அதுவரை அடுப்பு இருக்கிறது, எனக்குக் கை இருக்கிறது.

கொடுக்குமுன் ஐந்து கேள்விகள்

உங்கள் வீட்டில் கதை வேறாக இருக்கும். அதனால் யாருக்கும் பயன்படும்படி ஐந்து கேள்விகளாகத் தருகிறேன்.

1. அவருடைய ஒரு நாள் எப்படிப் போகிறது? எழுவதிலிருந்து படுப்பது வரை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லையா? அப்படியானால் பரிசு தேடுவதை நிறுத்திவிட்டு முதலில் அவருக்கு போன் செய்யுங்கள்.

2. இந்தப் பரிசால் அவருக்கு வேலை குறையுமா, கூடுமா? கைக்குழந்தை வைத்திருக்கும் அண்ணிக்கும் அண்ணனுக்கும் கண்ணாடி அலங்காரப் பொருள் கொடுத்தால் துடைக்கிற வேலை கூடும். ஒரு சனிக்கிழமை குழந்தையை நீங்கள் பார்த்துக்கொண்டால் அவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

3. பணம் எங்கிருந்து வருகிறது? படிப்புக் கடனிலிருந்தும் தவணையிலிருந்தும் வருகிற பரிசு, கடைசியில் வீட்டுக்குத்தான் பில்லாக வரும். என் கதையே சாட்சி.

4. அவருடைய மரியாதை காப்பாற்றப்படுகிறதா? வேலை போன அண்ணனுக்குப் பணம் கொடுப்பது நல்லதுதான். ஆனால் அதை மாமா சித்தப்பா எல்லாரும் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் நீட்டாதீர்கள். மரியாதையில்லாமல் கொடுப்பதைக் கீதை எந்த வகையில் சேர்க்கிறது என்று மேலே பார்த்தோம். தனியாக, பேச்சோடு பேச்சாகக் கொடுங்கள்.

5. யாருக்கும் தெரியாது, படம் எடுக்க முடியாது என்றால் அப்போதும் இதைக் கொடுப்பேனா?

இரண்டு சந்தேகங்கள் எங்கள் குழுவில் வந்தன, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"அப்போ பொருளே வாங்கக் கூடாதா?" என்று ஒரு தங்கை கேட்டார். தாராளமாக வாங்கலாம். பிறந்த வீட்டுத் தீபாவளிச் சீர், கணுப் பொங்கலில் அண்ணன் தம்பிகளுக்காக வேண்டிக்கொள்ளும் சகோதரிகளுக்குத் தருவது எல்லாம் நம் மரபில் இருப்பவைதானே. வடநாட்டில் தீபாவளி அமாவாசைக்கு இரண்டாம் நாள் சகோதரன் சகோதரி வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறான். நரகாசுரனை வென்று வந்த கண்ணனைத் தங்கை சுபத்திரை திலகமிட்டு வரவேற்றாள் என்று அதற்குக் கதை சொல்வார்கள். இந்த வழக்கங்கள் எல்லாவற்றிலும் பொருளோடு சேர்ந்து ஆளும் நேரில் போகிறார். ஆள் போகாமல் பார்சல் மட்டும் போவது நம் வழக்கமில்லை. சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லையா? பாட்டி சுட்ட முறுக்கை அனுப்புங்கள். அதோடு பாட்டி அவரிடம் பேசுகிற குரலைப் பதிவு செய்தும் அனுப்புங்கள்.

"எங்க அண்ணன் என்கிட்ட பேசி ரெண்டு வருஷமாச்சு. அவருக்கு என்ன கொடுக்கிறது?" என்று இன்னொருவர் கேட்டார். அறையே அமைதியாகிவிட்டது. விலை உயர்ந்த பொருளை அனுப்பினால் அது விலை பேசுகிற மாதிரி ஆகிவிடும். திலகவதியார் தம்பியின் பின்னால் போய் வாதாடவில்லை. தம்பிக்காக இறைவனிடம் வேண்டினார். கதவைத் திறந்தே வைத்திருந்தார். வந்தபோது பழைய கணக்கை எடுக்கவில்லை. நீங்களும் ஒரு வரி அனுப்புங்கள்: "அண்ணா, தீபாவளி வாழ்த்து. வீட்டுல உங்களுக்கும் இலை போட்டிருக்கோம்." பதில் வராமல் போகலாம். அடுத்த வருஷமும் அனுப்புங்கள்.

அந்த அதிகாலை

போன தீபாவளிக்கு முந்தின நாள் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அலமாரியில் இருந்த அந்த வாட்சைச் சார்ஜ் போட்டு, இரண்டே முக்காலுக்கு அலாரம் வைத்துக் கட்டிக்கொண்டு படுத்தேன். கடைசியில் அதற்கும் ஒரு பயன் வந்தது.

எழுந்து அடுப்பை மூட்டினேன். மூன்று மணிக்கு அக்கா அலாரம் இல்லாமலே எழுந்து வந்துவிட்டார். இத்தனை வருஷப் பழக்கம்.

"என்னடா பண்றே இங்க?"

"தண்ணி வைக்கிறேன்க்கா. நீ போய்ப் படு. நாலு மணிக்கு எழுப்புறேன். முதல்ல நீதான் குளிக்கப் போற."

"அப்பாவுக்குக் குளிருமேடா."

"அப்பாவுக்கும் இருக்கு. கணக்குப் போட்டுத்தான் வச்சிருக்கேன்."

அக்கா கொஞ்ச நேரம் கதவருகிலேயே நின்றார். போய்ப் படுத்தார், தூங்கினாரா தெரியாது. நாலு மணிக்கு அம்மா அக்காவை மனையில் உட்கார வைத்துத் தலையில் எண்ணெய் வைத்தார். நான் இரண்டு வாளி வெந்நீர் கொண்டுபோய் வைத்தேன். ஒன்று போதாது என்று கணக்கில் பிறகுதான் சேர்த்தேன். எண்ணெய்த் தலை, நீண்ட முடி. அக்கா உள்ளே போனவர் வரவேயில்லை. பாட்டி கதவைத் தட்டி, "உள்ளயே குடித்தனம் நடத்தப் போறியா?" என்று கேட்கிற வரைக்கும் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் அக்கா பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே, "தண்ணி நல்ல சூடுடா" என்றார். அவ்வளவுதான். கடைசியாகக் குளித்தது நான். அக்கா இத்தனை வருஷம் குளித்த அந்த வெதுவெதுப்பான தண்ணீர் எப்படி இருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பல் கிட்டித்தது.

இதனால் என் கடன் தீர்ந்துவிட்டதா? இல்லை. தீராது, தீர வேண்டும் என்றும் இப்போது நினைக்கவில்லை. சாமி கும்பிட்டு இட்லி சாப்பிடும்போது அக்கா கேட்டார்: "அடுத்த வருஷமும் நீதானே தண்ணி வைப்பே?"

ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன்.

சிந்திக்க

1. உங்கள் வீட்டில் தீபாவளி அன்று முதலில் எழுபவர் யார்? கடைசியாகச் சாப்பிடுபவர் யார்?

2. நீங்கள் இதுவரை உடன்பிறப்புக்குக் கொடுத்த ஒரு பரிசை எடுத்துக்கொள்ளுங்கள். இடம், காலம், ஆள் மூன்றும் பொருந்தினவா?

3. இராமன் ராஜ்யத்தை மறுத்தான். அதற்குப் பிறகும் பரதன் கொடுப்பதை நிறுத்தவில்லை. "ஒண்ணும் வேணாம்" என்று சொல்கிற அண்ணன் அக்காவிடம் நாம் எப்படி நடந்துகொள்ளலாம்?

செய்ய

தீபாவளிக்குள் உங்கள் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை ஒருவருடைய ஒரு நாளை எழுவதிலிருந்து படுப்பது வரை கேட்டு எழுதுங்கள். அதில் ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து உங்கள் கைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்க வேண்டாம்.

அனைவருக்கும் தீபாவளி வாழ்த்துகள். வணக்கம்.